ரெக்கார்டு ஊசிக்குச் சந்தனப் பொட்டு

எனக்குக் கோபம் வந்தால் ஒன்று பாத்திரம் தேய்ப்பேன், இல்லாவிட்டால் பந்தயம் கட்டுவேன். அன்றைக்கு அண்ணன் வீட்டில் தேய்க்கப் பாத்திரம் மிச்சமில்லை. அண்ணி எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்திருந்தாள். அதனால் பந்தயம் கட்டும்படி ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். அப்பா போன பிறகு நெய்க்காரப்பட்டி வீட்டில் அவருடைய இசைத்தட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறையக் கிடந்தன. அண்ணனுடைய சினேகிதன் ஒருவன் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் வழியில் ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் முழுக்கப் பழைய தட்டுகளை ஆணியடித்து மாட்டப் போகிறானாம். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்களாம். அண்ணன் அப்பாவின் பெட்டியை அவனுக்குத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான்.

"ஆணியா?" என்றேன்.

"நடுவுல ஏற்கெனவே ஓட்டை இருக்குதே அம்மிணி. புதுசா எதுவும் போடப் போறதில்ல" என்றான் அண்ணன், பெரிய கருணை காட்டுகிறவன்போல.

எனக்கு வந்ததே ஆத்திரம். அப்பாவின் தட்டு வேட்டியால் துடைக்கப்பட்டது. நாங்கள் தொட்டால் கையில் அடி விழும். அதைப் போய் புரோட்டா வாசனையில் தொங்கவிடுவதா? பெட்டி எனக்கு வேண்டும் என்றேன். அண்ணன் சிரித்தான். "இந்தப் பாட்டெல்லாம் என் போன்லயே கேக்கலாம். நீ எதுல போட்டுக் கேப்ப? அந்தச் சூட்கேஸ் பொம்மையிலயா?"

அவன் சொன்னது உண்மைதான் என்பதால் இன்னும் கோபம் வந்தது. ஆசைப்பட்டு ஆன்லைனில் ஒரு சூட்கேஸ் மாதிரி ரெக்கார்டு பிளேயர் வாங்கியிருந்தேன். அதில் யார் பாடினாலும் தண்ணீர்க்குடத்துக்குள் உட்கார்ந்து பாடுவதுபோலத்தான் கேட்கும்.

"வேற நல்லதா ஏற்பாடு பண்றேன். வந்து கேளுங்க. உங்க போனை விட நல்லாருந்தா பெட்டி எனக்கு" என்றேன்.

"சரி. ஆனா எந்தத் தட்டுன்னு நாந்தான் முடிவு பண்ணுவேன். சரசுவதி பூசை லீவுல அம்மாவையும் கூட்டிட்டு வர்றேன். நீ தோத்தீன்னா அங்கிருந்து அப்படியே பெட்டியை ரிசார்ட்டுல எறக்கிட்டுப் போயிருவேன்."

அம்மா கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யார் பக்கமும் பேசவில்லை. பேசினால் தன் பக்கம் என்று இருவருமே எடுத்துக்கொள்வோம் என்று அவளுக்குத் தெரியும்.

நான் திண்டுக்கல்லில் பள்ளிக்கூடத்து இயற்பியல் டீச்சர். ஊசலையும் நெம்புகோலையும் பிள்ளைகள் தலையில் ஏற்றுகிறவளுக்கு ஒரு சுழலும் தட்டா பெரிய காரியம் என்றுதான் இறங்கினேன். காசுதான் கையைக் கடித்தது. வீட்டுக் கடன் போக, மகளின் ஹாஸ்டல் போக, மிச்சத்தில்தான் எல்லாமே. "சொசைட்டி லோன் மட்டும் போட்டுறாத. அது பாட்டுக்கு இல்ல, கூரைக்கு" என்று என் வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். எதையும் கழற்றி மாட்டலாம், புதிதாக வாங்கத்தான் கூடாது என்பது அவர் கொள்கை.

மதுரையில் பழைய சாமான் கடை ஒன்றில் கனமான ஒரு பிளேயர் கிடைத்தது. மூடி உடைந்திருந்தது, சுழற்றும் பெல்ட் தொய்ந்துபோயிருந்தது, ஆனால் கை நன்றாக இருந்தது. கை என்றால் ஊசியைச் சுமந்துகொண்டு தட்டின் மேல் நகர்கிறதே, அந்தத் தண்டு. பெல்ட்டும் புது ஊசியும் தபாலில் வரவழைத்தேன். ஊசி வந்த டப்பா நகைப் பெட்டி சைஸ். உள்ளே இருந்தது அரிசியில் பாதி. இதற்கா இவ்வளவு விலை என்று அவர் கேட்பதற்கு முன்பே, "ஒண்ணும் கேக்காதீங்க" என்றேன்.

"நான் ஒண்ணுமே கேக்கலையே" என்றார். கேட்காத மாதிரி கேட்பதில் அவர் கெட்டிக்காரர்.

ஸ்பீக்கர், மைக்செட்காரர் ஒருவர் ஒதுக்கிப் போட்டிருந்த ஜோடி. விளிம்பு ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. புது விளிம்பு வாங்கி, கையும் சேலையும் பசையாக, நானே ஒட்டினேன். அவற்றை வைக்க ஆடாத பீடம் வேண்டுமே என்று பார்த்தால், கிரைண்டர் வந்த நாளிலிருந்து கொல்லையில் வேலையில்லாமல் குந்தியிருந்த ஆட்டுரல் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டிலும் ஒன்று சும்மா கிடந்தது. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். என்ன அரைக்கப் போகிறோம் என்று மட்டும் அடிக்கடி எட்டிப் பார்த்தார்கள்.

பிளேயரை வைக்கும் இடத்துக்குத்தான் பெரிய சண்டை. மேசையில் வைத்தால், மாடிப்படியில் யாராவது இறங்கினால்கூட ஊசி நடுங்கியது. அசையாத பொருள் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், என் மாமனார் வழி வந்த இரும்புப் பெட்டி. ஊரே பூட்டுக்குப் பேர்போனது, இந்தப் பெட்டிக்கு மட்டும் சாவி தொலைந்து எத்தனையோ காலம். திறக்க ஆள் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர்தான் விடவில்லை. "தொறந்து உள்ள ஒண்ணும் இல்லைனா என்ன பண்றது? மூடியே கெடந்தா ஊரு நம்பிக்கிட்டு இருக்கும்ல" என்பார். ஹாலில் சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே அது நிற்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள், குங்குமம் உண்டு.

"மகாலட்சுமி தலையில பாட்டுப்பெட்டியா?" என்றார்.

"உள்ள மகாலட்சுமி இருக்காளான்னு தெறந்து பாத்துருவமா?" என்றேன். பிளேயர் இரும்புப் பெட்டியின் மேல் ஏறியது.

பக்கத்துத் தெருவில் வேலை செய்த கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி, தபால் அட்டையை மடித்துக் கொடுத்துச் சாய்வை நீக்கினேன். நகை நிறுக்கும் குட்டித் தராசு ஒன்று வாங்கி, ஊசி தட்டை எவ்வளவு அழுத்துகிறது என்று நிறுத்து, சரியாக இரண்டு கிராமில் நிறுத்தினேன். கூடினால் தட்டு தேயும், குறைந்தால் ஊசி தாவும். அந்தத் தராசில் என் வீட்டுக்காரர் பிரியாணிக்கு ஏலக்காய் நிறுத்ததைப் பார்த்ததும் எடுத்து ஒளித்துவைத்தேன். தட்டுக் கழுவ, பாட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரை அவர் கடையிலிருந்தே கேன் கேனாகக் கொண்டுவந்தேன். "கடையில கஸ்டமர் கேட்டா, எம் பொண்டாட்டி பாட்டைக் குளிப்பாட்டிட்டான்னா சொல்றது?" என்று முனகினார். ஆனால் மறுநாள் கேட்காமலே ஒரு கேன் கொண்டுவந்து வைத்தார்.

அப்படி ஒரு சாயங்காலம் என்னிடம் இருந்த ஒரே நல்ல தட்டை, ஒரு நாதஸ்வரத் தட்டை, போட்டேன். சீவாளியை வாயில் வைக்கும் முன் வித்வான் இழுத்த மூச்சு கேட்டது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "யாரு வந்துருக்கா?" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெட்டி எனக்குத்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அது அவருடைய ராஜ்யம். கடையில் ஸ்பானரிலிருந்து கல்லாப்பெட்டி வரை பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து ஸ்கூட்டர், மிக்சி, ஃபிரிட்ஜ், தையல் மிஷின், என் லேப்டாப் என்று ஒன்றையும் விடமாட்டார். நான் குளித்துவிட்டு வருகிறேன், இரும்புப் பெட்டியின் மேல் என் பிளேயர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. சுற்றும் தட்டுக்கு மூன்று பட்டை விபூதி. பொத்தானுக்குக் குங்குமம். கையின் நுனியில், ஊசி மாட்டிய தலையின் உச்சியில், சுண்டைக்காய் சைஸில் குழைத்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"ஊசியில எதுக்குய்யா வச்சீங்க?" என்று கத்தினேன். கோபம் வந்தால் எனக்கு மரியாதை முன்பாதியில் போய்ப் பின்பாதியில் வந்துவிடும்.

"ஊசியில வைக்கல, ஊசிக்கு மேலதேன் வச்சேன். வேலை பாக்குறது அதுதேன்னு நீதான சொன்ன? வேலை பாக்குறதுக்கு வைக்காம மூடிக்கா வைப்பாக?"

துடைக்கப் போன கையைப் பிடித்துக்கொண்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடிகிற வரை தொடக்கூடாது. தொட்டால் வருஷம் முழுக்க வேலை ஓடாது. இயற்பியல் டீச்சர்தான், ஆனாலும் அந்த வீட்டில் அந்த நாளில் நான் அந்தச் சந்தனத்தைத் தொடவில்லை. மறுநாள் காலையில் சாவகாசமாகத் துடைத்து, மறுபடி நிறுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டேன். அண்ணன் மத்தியானத்துக்கு மேல்தான் வருவதாகச் சொல்லியிருந்தான்.

விஜயதசமி காலையில் மறுபூஜைக் கற்பூரம் அணைவதற்குள் வாசலில் கார் நின்றது. அண்ணனாவது சொன்ன நேரத்துக்கு வருவதாவது. நான் எதையும் சரிசெய்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே முன்னால் வந்தவன். அம்மாவைக் கைப்பிடித்து இறக்கினான். காரின் பின்சீட்டில் அப்பாவின் மரப்பெட்டி தெரிந்தது.

"வாங்க மச்சான், வாங்க அத்தை. செத்த நேரம் உக்காருங்க, இட்லி வெந்துக்கிட்டு இருக்கு" என்றார் இவர்.

"சாப்பாடு கெடக்கட்டும் மாப்ள. மொதல்ல தீர்ப்பு" என்று அண்ணன் கக்கத்திலிருந்து ஒரு தட்டை எடுத்தான். உறைகூட இல்லை. பழைய காலண்டர் தாளில் சுற்றியிருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. துரோகி.

அது பாட்டே இல்லை. ஏதோ ஒரு நாடகக் குழுவின் நகைச்சுவைத் தட்டு. ஏதோ ஒரு திருவிழா மேடையில் பதிவுசெய்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை. குறுக்கே ஆழமாக ஒரு கீறல். பெண்டாட்டி கேட்பாள்: "காலையில போன மனுசன், இப்பத்தான் வீடு தெரிஞ்சுதா? எங்கய்யா போயிருந்த?" புருஷன் வாயைத் திறப்பதற்குள் ஊசி டக்கென்று தாவிவிடும். ஒரு மூச்சு நேரம் அமைதி. பிறகு கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவன் என்ன பதில் சொன்னான் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அமைதியில் அப்பா பதில் சொல்வார், அம்மாவைப் பார்த்துக்கொண்டே. "உன்ற கொழம்புக்கு உப்பு வாங்கத் தூத்துக்குடி வரைக்கும் போயிருந்தேன்." கூட்டம் சிரிக்கும். இன்னொரு நாள், "உன்ற அண்ணன் வந்திருக்கான்னாங்க. அவன் கெளம்பட்டும்னு ஊரைச் சுத்திட்டிருந்தேன்." கூட்டம் சிரிக்கும். ஒரு நாள் சொன்னதை இன்னொரு நாள் சொல்லமாட்டார். அவ்வளவு பெரிய கூட்டம் எங்கள் அப்பாவுக்காகவே சிரிப்பதாக நான் சின்ன வயதில் நம்பியிருந்தேன். அம்மா மட்டும் "பேச்சைப் பாரு" என்று உள்ளே போய்விடுவாள்.

"இந்தத் தட்டு தாண்டுச்சுன்னா உன் மெஷின் ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு அர்த்தம். நீ தோத்த" என்றான் அண்ணன்.

"இது எதுல போட்டாலும் தாண்டுமே. இது நியாயமா அண்ணா?"

"எந்தத் தட்டுன்னு நாந்தான் முடிவு பண்ணுவேன்னு அன்னிக்கே சொன்னனா இல்லையா?"

இவர் என்னையும் பார்க்காமல் அவனையும் பார்க்காமல், "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி" என்று சாமி அலமாரியிடம் சொல்லிவிட்டு இட்லியைப் பார்க்கப் போனார்.

விபூதியை மட்டும் துடைத்தேன். ஊசித் தலையைத் துடைப்பது நிதானமாகச் செய்கிற காரியம். அண்ணன் பக்கத்தில் நின்று சிரிக்கும்போது செய்தால் ஊசி கையோடு வந்துவிடும். எப்படியும் தோற்கப் போகிறோம், சந்தனத்தோடேயே தோற்போம் என்று ஊசியை இறக்கினேன்.

சத்தம் மட்டும் என் மானத்தைக் காப்பாற்றியது. மேடைப் பலகை கிறீச்சிடுவது, கூட்டத்தில் ஒரு குழந்தை அழுவது, எல்லாம் ஹாலுக்குள் வந்து நின்றன. அண்ணன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நேராக உட்கார்ந்தாள். அந்த இடம் வந்தது.

"எங்கய்யா போயிருந்த?"

ஊசி தாவவில்லை. கீறலில் ஒரு சின்ன 'டொக்', அவ்வளவுதான். அந்த நடிகர் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பதில் சொன்னார்.

"சந்தைக்குப் போயிருந்தேன்."

ஒரு மூச்சு நேரம் அமைதி. கூட்டம் சிரித்தது.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சந்தைக்கா? முகத்தை எப்படியாவது வைத்துக்கொண்டிருப்பார், அதற்குச் சிரித்திருப்பார்கள். அது தட்டில் வராதே.

"இதுக்கா இத்தனை சிரிப்பு?" என்றான் அண்ணன். ஏமாற்றப்பட்டவன் குரல் அது. வாழ்நாள் முழுக்க யாரோ அவனுக்குப் பொய்க் கணக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி.

நான் ஜெயித்திருந்தேன். தட்டு தாண்டவில்லை, பெட்டி எனக்கு. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ காலியாகிப் போயிருந்தது. எத்தனை மாதம், எத்தனை கேன் தண்ணீர். அப்பா உட்கார்ந்திருந்த இடத்தில் யாரோ ஒரு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டேன். அவன் சந்தைக்குப் போய் வந்திருக்கிறான்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "இது இல்ல கண்ணு. நம்முளுது தாண்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தனம். இரண்டு கிராமுக்கு நிறுத்தி வைத்த ஊசியின் தலையில் அவர் அப்பிய சுண்டைக்காய். அந்தக் கனத்தில்தான் ஊசி எழும்ப முடியாமல் கீறலை அழுத்திக்கொண்டே தாண்டாமல் போயிருக்கிறது. நான் பாடம் நடத்துகிற விஷயம், எனக்கே தோன்றவில்லை.

துடைத்தால் தாண்டும். தாண்டினால் தோற்றேன். வாசலில் கார் நிற்கிறது, பின்சீட்டில் பெட்டி, மலையில் ஆணி.

அம்மாவைப் பார்த்தேன். அவள் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சை நனைத்து, ஊசியைத் தொடாமல், சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வழித்தெடுத்தேன். இட்லித் தட்டோடு வந்த இவர் பார்த்தார்.

"மறுபடியும் போடறேன்" என்றேன் அண்ணனிடம். "பந்தயத்துக்கு இதையே வச்சுக்கங்க."

மேடைப் பலகை கிறீச்சிட்டது. குழந்தை அழுதது. பெண்டாட்டி கத்த ஆரம்பித்தாள்.

"காலையில போன மனுசன், இப்பத்தான் வீடு தெரிஞ்சுதா? எங்கய்யா போயிருந்த?"

டக்.

அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தான். அம்மாதான் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த இடத்தில் வாய் திறந்ததே இல்லை.

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவும் அதோடு சேர்ந்து சிரித்தாள், கண்ணைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஊசியைத் தூக்கினேன்.

"தாண்டிருச்சு அண்ணா" என்றேன். "பெட்டியை நீங்களே கொண்டுபோங்க."

"போன் தாண்டாதே அம்மிணி" என்றான் அவன். மேசையில் கிடந்த கார் சாவியை எடுத்துக்கொண்டு, இவரைப் பார்த்து, "மாப்ள, ஒரு கை குடுங்க. பெட்டி நல்ல கனம்" என்றபடி வாசலுக்குப் போனான்.

"அவங்க எடுத்துட்டு வரட்டும்" என்றாள் அம்மா. "நீ இன்னொருக்கா போடு கண்ணு."